ஸ்பானியத்தில் ‘செய்யாதே’ என்று சொல்வது: ஒரு உயிரெழுத்து இடம் மாறும் கதை

அமெரிக்காவில் வாழும் குடியேறிகள் மத்தியில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய அட்டை புழக்கத்தில் இருக்கிறது. பணப்பைக்குள் அடங்கும் அளவு. சான் பிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்ட குடியேறிகள் சட்ட வள நிலையம் தயாரித்தது. குடிவரவு அதிகாரி வந்து கதவைத் தட்டினால் என்ன செய்யக்கூடாது என்பதை அந்த அட்டையின் ஸ்பானியப் பக்கம் மூன்று வினைச்சொற்களில் சொல்லிவிடுகிறது. ‘நோ ஆப்ர’ – திறக்காதீர்கள். ‘நோ கொன்தேஸ்தெ’ – பதில் சொல்லாதீர்கள். ‘நோ ஃபீர்மெ’ – கையெழுத்திடாதீர்கள்.

இந்த மூன்று சொற்களின் கடைசி உயிரெழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘நோ ஆப்ரெ’, ‘நோ கொன்தேஸ்த’, ‘நோ ஃபீர்ம’. இப்போது அவை எச்சரிக்கைகள் அல்ல. ‘அவர் திறப்பதில்லை’, ‘அவர் பதில் சொல்வதில்லை’, ‘அவர் கையெழுத்திடுவதில்லை’ என்ற வெறும் தகவல்கள். இலக்கணப் பிழைகூட இல்லை. சரியான வாக்கியங்கள்தான், ஆனால் வேறு எதையோ சொல்கின்றன. பிழையான வாக்கியத்தைக் கேட்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். சரியாக அமைந்த, வேறு பொருள் தரும் வாக்கியத்தைத் திருத்த அவருக்குக் காரணமே கிடைக்காது.

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி லத்தீன் அமெரிக்காவில் வெளியான ஆவணங்களை மூலமொழியில் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஸ்பானியம் படிக்கத் தொடங்கினேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அநேகமாக எல்லாமே ஆங்கிலத்தில் சிந்திப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஒரு கட்டளையை மறுக்க அதற்கு முன்னால் இரண்டு சொற்களைப் போட்டால் போதும், வினை அப்படியே இருக்கும். அதனால் ஸ்பானியத்தில் வினையே உருமாறுவது அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது. ‘கதை’ என்பதை ‘கதைக்காதே’ என்று ஆக்கிப் பழகிய எங்களுக்கு அந்த அதிர்ச்சி தேவையில்லை. விலக்கும்போது வினை வேறு உருவம் எடுக்கும் என்பது நாங்கள் பிறந்ததிலிருந்து அறிந்த விடயம். ஆகவே தமிழ் வாசகருக்கு ஏற்றபடி இதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வாசிக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு. ஸ்பானியச் சொற்களில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்ற அசைகளைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ‘ஆப்லெ’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘அப்லே’ என்றால் கடைசியில். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும். ஸ்பானியத்தில் ‘வி’ என்ற எழுத்தை ‘பி’ போலவே உச்சரிப்பார்கள் என்பதால் அதையும் பகரத்திலேயே எழுதுகிறேன்.

ஸ்பானிய வினைகள் எல்லாம் அகராதியில் மூன்று விதமாக முடியும்: ஆர், ஏர், ஈர். ‘அப்லார்’ என்றால் கதைத்தல். ‘கொமேர்’ சாப்பிடுதல். ‘எஸ்க்ரிபீர்’ எழுதுதல். ஒரு நண்பரிடம், அதாவது ‘நீ’ என்று அழைக்கக்கூடியவரிடம், கட்டளையிடும்போது இவை ‘ஆப்ல’, ‘கோமெ’, ‘எஸ்க்ரீபெ’ என்று சுருங்கும். கதை, சாப்பிடு, எழுது. ஆர் வினைக்கு அகரம், மற்ற இரண்டுக்கும் எகரம். இயல்பான ஒலிதான்.

விலக்கும்போது இந்த இரண்டு உயிர்களும் இடம் மாறிக்கொள்கின்றன. ஆர் வினை எகரத்தை எடுக்கும், ஏர், ஈர் வினைகள் அகரத்தை எடுக்கும். அதன் பின்னால் ‘நீ’ என்பதற்குரிய ஸகர ஒற்று வரும். முன்னால் ‘நோ’. ஆக, ‘நோ ஆப்லெஸ்’ – கதைக்காதே. ‘நோ கோமஸ்’ – சாப்பிடாதே. ‘நோ எஸ்க்ரீபஸ்’ – எழுதாதே. ஒழுங்கு வினைகளைப் பொறுத்தவரை விதி இவ்வளவுதான். இரண்டு உயிர்கள், ஒரு இடமாற்றம்.

(சாப்பிடாதே என்பதோடு ‘பான்’ என்று சேர்த்துப் பாருங்கள்: ‘நோ கோமஸ் பான்’. பாண் சாப்பிடாதே. எங்களுடைய பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, ஸ்பானியம் அந்த மொழியின் சகோதரி. ‘சப்பாத்து’ என்பதும் அப்படியே, ஸ்பானியத்தில் ‘சபாத்தொ’.)

விதி எளிது என்றாலும் கைவர நேரம் எடுக்கிறது. காரணம், நிகழ்காலச் செய்தி வாக்கியமும் அதே ‘நோ’வுடன் தொடங்குகிறது. ‘நோ ஆப்லஸ்’ என்றால் ‘நீ கதைப்பதில்லை’. ‘நோ ஆப்லெஸ்’ என்றால் ‘கதைக்காதே’. வேகமாகப் பேசும் ஒருவரிடம் இந்த ஒற்றை உயிரைக் காது பிடிக்க வேண்டும்.

இதற்கு நான் கண்டதில் மிகக் குழப்பமான சோடி ‘பெந்தேர்’, ‘பெந்தார்’ என்ற இரண்டு வினைகள். முதலாவது விற்பது. இரண்டாவது காயத்துக்கோ கண்ணுக்கோ துணிக்கட்டுப் போடுவது. இரண்டும் ஒழுங்கு வினைகள், ஒன்று ஏர், மற்றது ஆர். உயிர் இடம் மாறும் விதியை இரண்டுக்கும் பொருத்தினால் நடப்பது இது: ‘நோ பேந்தஸ்’ என்பது ‘விற்காதே’ என்றும் பொருள்படும், ‘நீ கட்டுப் போடுவதில்லை’ என்றும் பொருள்படும். ‘நோ பேந்தெஸ்’ என்பது ‘நீ விற்பதில்லை’ என்றும் ‘கட்டுப் போடாதே’ என்றும் பொருள்படும். ஒன்றின் கட்டளை மற்றதன் செய்தி. நடைமுறையில் இடமும் குரலும் குழப்பத்தைத் தீர்த்துவிடும், சந்தையில் யாரும் துணிக்கட்டைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. ஆனால் அந்த உயிரெழுத்து எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதை இந்தச் சோடியை விட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி? பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ‘இது விதி’ என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகின்றன. ஆனால் காரணம் சுவையானது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அது இன்னும் இலகுவாக விளங்கும்.

தமிழ் இலக்கணம் ஏவலையும் வியங்கோளையும் பிரித்து வைத்திருக்கிறது. ‘போ’, ‘வா’ என்பவை முன்னிலையில் நிற்பவரை நோக்கி நேரடியாக ஏவுபவை. ‘வாழ்க’, ‘வருக’, ‘ஒழிக’ என்பவை வியங்கோள். வாழ்த்தாக, சாபமாக, விதியாக, வேண்டுகோளாக வரும், எவரைப் பற்றியும் வரும். ஸ்பானியத்திலும் இதே போல இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று நேர் ஏவல். மற்றது இன்னும் நடக்காத, நடக்க வேண்டும் என்று அல்லது நடக்கக் கூடாது என்று மனம் நினைக்கிற செயலுக்கான வடிவம். உலகம் முழுவதும் சுவர்களில் எழுதப்பட்ட ‘விவா’ என்ற கோஷம் இந்த இரண்டாவது வடிவம்தான். ‘பிபீர்’, வாழ்தல், என்ற ஈர் வினை அகரத்தை எடுத்து ‘பீப’ என்று வருகிறது. பொருள் ‘வாழ்க’. அச்சொட்டாக எங்களுடைய வியங்கோள்.

ஸ்பானியம் ஒருவரைச் செய்யச் சொல்லும்போது ஏவலைப் பாவிக்கிறது. செய்யாதே என்று தடுக்கும்போது ஏவலைக் கைவிட்டு வியங்கோளுக்குப் போய்விடுகிறது. ‘நோ ஆப்லெஸ்’ என்பதை இலக்கணப்படி பெயர்த்தால் ‘கதைக்காதே’ என்பதை விட ‘கதையற்க’ என்பதே கிட்ட வரும். நடக்காத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு நடக்காதவற்றுக்கான வடிவம். எனக்கு இது ஒரு வகையில் நியாயமாகவே படுகிறது. ‘செய்’ என்ற ஏவலுக்கு விளைவாக ஒரு செயல் இருக்கும். ‘செய்யாதே’ என்பதற்கு விளைவாக ஒன்றும் இருக்கப் போவதில்லை, அது ஒரு விருப்பம் மட்டுமே.

உயிர் இடம் மாறுவதும் ஸ்பானியம் கண்டுபிடித்த விளையாட்டல்ல. லத்தீனிலேயே முதல் வகை வினைகள் இந்த வடிவத்தில் எகரத்தையும் மற்ற வகைகள் அகரத்தையும் எடுத்தன. ஈராயிரம் வருடப் பழக்கம் அது. லத்தீனின் மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். போர்த்துக்கேயம் ஸ்பானியத்தைப் போலவே வடிவத்தை மாற்றுகிறது. இத்தாலியம் ‘நீ’ என்று விளிப்பவரிடம் அகராதி வடிவத்தையே வைத்து ‘நொன் பர்லாரெ’ என்கிறது, கதைக்க வேண்டாம் என்பது போல. பிரெஞ்சு ஏவல் வடிவத்தை மாற்றுவதில்லை, முன்னும் பின்னும் இரண்டு மறுப்புச் சொற்களை வைத்து அடைத்துவிடுகிறது. பிரெஞ்சு தெரிந்த புலம்பெயர் உறவினர்கள் ஸ்பானியத்துக்கு வரும்போது தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இனி மரியாதை. ‘நீங்கள்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘உஸ்தேத்’. இந்த ‘நீங்கள்’ விடயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மரியாதையாகச் செய்யச் சொல்வதற்கும் ஸ்பானியம் வியங்கோளையே பாவிக்கிறது. ‘ஆப்லெ’ – கதையுங்கள். ‘நோ ஆப்லெ’ – கதைக்காதீர்கள். ‘கோம’ – சாப்பிடுங்கள். ‘நோ கோம’ – சாப்பிடாதீர்கள். வடிவம் மாறவே இல்லை, ‘நோ’ மட்டும் வந்து சேர்ந்தது. எவரையும் ‘நீ’ என்று அழைக்காமல் ஸ்பானியம் பேசி முடிக்கும் ஒருவர் இந்த இடமாற்றத் தலைவலியிலிருந்து பெருமளவு தப்பிவிடலாம். பொகோட்டா போன்ற இடங்களில் வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தேத்’ பாவிப்பவர்கள் உண்டு என்பதால், அது ஒன்றும் விசித்திரமாகவும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் கணவன் மனைவிக்கும் பெற்றோர் பிள்ளைக்கும் ‘வாங்கோ’, ‘அழாதேங்கோ’ என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமல்ல.

பொது அறிவித்தல்களின் மொழியும் இந்த ‘உஸ்தேத்’தான். சிவப்பு அட்டை அப்படித்தான் பேசுகிறது. ஸ்பெயினில் விற்கப்படும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாளை விரித்தாலும் ‘நோ தோமெ’ என்று தொடங்கும் ஒரு பகுதி இருக்கும். ‘தொமார்’ என்றால் எடுத்தல், உட்கொள்ளல். இன்ன இன்ன நிலையில் இந்த மருந்தை எடுக்காதீர்கள் என்று அந்தப் பகுதி பட்டியலிடும். ‘நோ தோம’ என்று வாசித்தால் ‘அவர் எடுப்பதில்லை’. ஒரு மருத்துவமனையில் உறவினருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது வெறும் இலக்கணப் புள்ளிகளுக்காக அல்ல.

பலரை நோக்கிச் சொல்லும்போது ‘நோ ஆப்லென்’, ‘நோ கோமன்’, ‘நோ எஸ்க்ரீபன்’. லத்தீன் அமெரிக்கா முழுவதும் நண்பர் கூட்டமோ நீதிமன்றமோ, பன்மைக்கு இதுதான். ஸ்பெயினில் மட்டும் நெருக்கமான பலருக்கு ‘நோ அப்லேயிஸ்’, ‘நோ கொமாயிஸ்’ என்று தனி வடிவம் இருக்கிறது. ஸ்பெயினுக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசுபவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நோ அப்லேமொஸ்’ – நாங்கள் கதைக்காமல் இருப்போம்.

ஆர்ஜென்டினாவில் கதை இன்னும் கொஞ்சம் நுட்பமாகிறது. அங்கே ‘நீ’ என்பதற்கு ‘தூ’ சொல்வதில்லை, ‘போஸ்’ என்பார்கள். கட்டளையிலும் அழுத்தம் பின்னால் நகர்ந்துவிடும்: ‘அப்லா’, ‘கொமே’, ‘எஸ்க்ரிபீ’. பாடசாலைகள் நீண்டகாலம் இதைக் கொச்சை என்று ஒதுக்கின, ஆர்ஜென்டினாவின் மொழிக் கழகம் 1982இல்தான் ஏற்றுக்கொண்டது. விலக்கும்போது என்ன ஆகும்? இரண்டு வழிகள் அங்கே அருகருகே இருக்கின்றன. மற்ற நாடுகளைப் போல ‘நோ ஆப்லெஸ்’ என்றும் சொல்லலாம், அழுத்தத்தைப் பின்னால் தள்ளி ‘நோ அப்லேஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டாவதில் அவசரமும் காரமும் கூடுதல் என்பதே அங்குள்ளவர்கள் பலரின் உணர்வு. முதலாவது அறிவுரை போலவும் இரண்டாவது ‘உடனே நிறுத்து’ போலவும் ஒலிக்குமாம். பொதுவாகச் சொல்லி வைப்பதற்கும் கண்ணெதிரே நடப்பதைத் தடுப்பதற்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரு அழுத்தம் சுமக்கிறது.

‘எவிட்டா’ இசை நாடகத்தில் ஆர்ஜென்டினாவை அழாதே என்று கேட்கும் புகழ்பெற்ற பாடலின் ஸ்பானியத் தலைப்பில் வரும் வினை ‘யொரார்’, அழுதல். ஒழுங்கான ஆர் வினை. தலைப்பில் அது ‘யோரெஸ்’ என்றுதான் இருக்கிறது, ‘யொரேஸ்’ அல்ல. அந்த நாடகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு பிறகு ஸ்பானியத்துக்கு வந்தது. ஆனாலும் ஆர்ஜென்டினக் காதுக்கும் ‘யோரெஸ்’ உறுத்தாது. ஒரு தேசத்தைத் தேற்றுகிற குரலுக்கு மென்மையான வடிவமே பொருந்தும்.

எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தொக்கார்’, தொடுதல், ‘நோ தோக்கெஸ்’ என்று ஆகும்போது ரோமன் எழுத்தில் ‘சி’ போய் ‘கியூ’வும் ‘யூ’வும் வரும். ‘பகார்’, பணம் செலுத்துதல், ‘நோ பாகெஸ்’ ஆகும்போது நடுவில் ஒரு ‘யூ’ நுழையும். ‘க்ருசார்’, கடத்தல், ‘நோ க்ரூசெஸ்’ ஆகும்போது ‘இசட்’ ‘சி’யாகும். எகரத்துக்கு முன்னால் பழைய எழுத்து வேறு ஒலி தரும் அல்லது மரபுக்குப் பொருந்தாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடுகள் இவை. காதுக்கு எதுவும் மாறுவதில்லை. தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள், மாற்றம் நடந்ததே தெரியவில்லை.

சொல் வரிசை அப்படி அல்ல, அது காதுக்கே தெரியும் மாற்றம். செய்யச் சொல்லும்போது ‘எனக்கு’, ‘அதை’ போன்ற சிறு சொற்கள் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: ‘எஸ்க்ரீபெமெ’, எனக்கு எழுது. தடுக்கும்போது அவை பிரிந்து முன்னால் ஓடிவந்துவிடும்: ‘நோ மெ எஸ்க்ரீபஸ்’, எனக்கு எழுதாதே. ‘கோமெலொ’, அதைச் சாப்பிடு. ‘நோ லொ கோமஸ்’, அதைச் சாப்பிடாதே. எப்போதும் ‘நோ’வுக்கும் வினைக்கும் நடுவில்.

இன்னொரு விடயம், இரண்டு மறுப்புகள். சிவப்பு அட்டையில் ‘நோ ஃபீர்மெ’ என்பதன் பின்னால் ‘நாத’ என்று வருகிறது. ‘நாத’ என்றால் ‘ஒன்றுமில்லை’. கணக்கு வாத்தியார் இரண்டு மறைகள் சேர்ந்தால் நேர் என்பார். ஸ்பானியத்தில் சேர்ந்தால் இன்னும் கெட்டியான மறை: எதிலுமே கையெழுத்திடாதீர்கள். ‘ஒருபோதும்’ என்ற பொருளில் ‘நுன்க’வை முன்னால் வைத்தால் ‘நோ’வே தேவையில்லை, ‘நுன்க ஃபீர்மெ’ என்றாலே போதும். வியங்கோள் வடிவம் அப்போதும் மாறாது.

தடை என்றால் எப்போதும் இந்த வடிவம்தான் என்றும் இல்லை. அருங்காட்சியகத்தில் ‘நோ தொக்கார்’ என்று எழுதியிருக்கும், அதாவது அகராதி வடிவம் அப்படியே. யாரென்று தெரியாத எல்லோருக்கும் பொதுவான பலகைக்கு அது சரி. எதிரே நிற்கும் ஒருவரிடம் அப்படிச் சொன்னால் இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பைபிளின் பத்துக் கட்டளைகள் ஸ்பானியத்தில் எதிர்கால வினையில் இருக்கின்றன, ‘நீ கொல்லமாட்டாய்’ என்பது போல.

1936 ஜூலையில், ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்த நாட்களில், டொலோரெஸ் இபாருரி மட்ரிட் வானொலியில் முழங்கிய ‘நோ பசரான்’ என்ற கோஷமும் எதிர்காலம்தான். ஸ்பானியம் தெரியாதவர்கள்கூட அறிந்த ஸ்பானிய மறுப்பு அது. பலர் அதைக் கட்டளை என்று நினைக்கிறார்கள். ‘பசார்’, கடந்து செல்லல், ஒழுங்கான ஆர் வினை. அதன் கட்டளை ‘நோ பாசென்’, கடக்காதீர்கள். அப்படிச் சொன்னால் எதிரியிடம் மரியாதையாக ஒரு வேண்டுகோள் வைத்தது போலிருக்கும். ‘நோ பசரான்’ எதிரியிடம் பேசவே இல்லை. ‘அவர்கள் கடக்கமாட்டார்கள்’ என்று தன் பக்கத்து மக்களிடம் சொல்கிறது. ஊடகக் கற்கைநெறியில் கோஷங்களைப் பற்றி நிறையப் படித்தோம். யாரை நோக்கிப் பேசுகிறது என்ற கேள்விக்கு ஒரு வினையின் வடிவம் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லும் என்று அங்கே யாரும் காட்டித் தரவில்லை. ஆர்ஜென்டினாவில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஆணைக்குழுவின் 1984ஆம் வருட அறிக்கை ‘நுன்க மாஸ்’ என்ற பெயரில் வெளியானது. ‘இனி ஒருபோதும் இல்லை’. அந்த விலக்கலில் வினையே கிடையாது.

ஒழுங்கு வினைகளைத் தாண்டிப் போகும்போது ஒரு சிறு உத்தி உதவும். ‘நான்’ என்பதற்கான நிகழ்கால வடிவத்தை எடுத்து, கடைசி ஒகரத்தை நீக்கி, இடம் மாறிய உயிரைச் சேருங்கள். ‘ஆப்லொ’, நான் கதைக்கிறேன், ‘நோ ஆப்லெஸ்’ ஆகும். ஒழுங்கற்ற ‘தேங்கொ’, என்னிடம் இருக்கிறது, அதே வழியில் ‘நோ தேங்கஸ்’ ஆகும். இந்த உத்திக்கு அடங்காதவை ஆறே ஆறு வினைகள்: கொடுத்தல், அறிதல், இருத்தல் என்பதற்கான மூன்று, போதல். கடைசியில் சொன்னதுதான் அன்றாடம் மிக அதிகம் தேவைப்படுவது. ‘நோ தெ பாயஸ்’ – போய்விடாதே. அதைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.